இருளர் குடியிருப்புக்கு ஒரு பால்வாடி: அதுவும் சமூகநீதிதான்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழங்குடி மக்களின் கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். இடஒதுக்கீடு, உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வடமாவட்டம் ஒன்றில், ஏரிப்பாசன ஊர்களில், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். ஊர்த்தெருவில் பிறந்தவள். இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தவறுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு ஜூன் மாதம். ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் குழந்தையை அவள் அம்மா கொண்டுவந்து விட்டுப் போனார். பெயரைச் சொல்ல மாட்டேன். சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். பெயர் கேட்டால் பதில் இல்லை. பலகையைக் கையில் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்வாள், எழுத மாட்டாள். பத்துப் பதினைந்து நாள் இப்படியே போனது. ஒருநாள் உட்கார்ந்த இடத்திலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் அவள் சாதியைச் சொல்லி, எலி தின்கிறதைச் சொல்லிக் கத்தினான். நான் அந்தப் பையனைத் திட்டவில்லை. அவளைத் திட்டினேன். "வாயைத் திறந்து கேட்கத் தெரியாதா?" என்றேன்.

தெரியாதுதான். யாரிடம் கேட்க வேண்டும், எந்தச் சொல்லால் கேட்க வேண்டும், கேட்டால் அடிப்பார்களா, எங்கே போக வேண்டும், எதுவும் அவளுக்குத் தெரியாது. அதுவரை அவள் ஒரு கட்டடத்துக்குள் முப்பது பேரோடு உட்கார்ந்ததே இல்லை. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் தேடிப் போகவும் இல்லை. சில மாதம் கழித்துப் பதிவேட்டில் பெயருக்கு நேரே 'இடைநின்றவர்' என்று எழுதினேன். அவள் எங்கே இடையில் நின்றாள்? நாங்கள்தான் அனுப்பிவிட்டோம். பொங்கல் முடிந்து குடும்பமே செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவளை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் நாங்கள் டீ குடிக்கும்போது ஒரு வாக்கியம் சொல்வோம். "அதுங்களுக்குப் படிப்பு ஏறாது." நானும் சொல்லியிருக்கிறேன். தோழர்களே, தகுதி, திறமை என்ற பேச்சை நீங்கள் நீட் தேர்விலும் ஐ.ஐ.டி.யிலும் எதிர்கொள்கிறீர்கள். அந்தப் பேச்சு அங்கே பிறக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில், ஜூன் மாதத்தில், பாயில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்துத்தான் அது முதலில் சொல்லப்படுகிறது.

அதே வகுப்பில் மற்ற பிள்ளைகள் எப்படி இருந்தார்கள்? ஊர்த்தெருப் பிள்ளைகள் இரண்டு, மூன்று ஆண்டு பால்வாடிக்குப் போனவர்கள். வரிசையில் நிற்கத் தெரியும். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லத் தெரியும். புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியும். நாலு பாட்டு, பத்து எண், ஏழெட்டு நிறம் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா இல்லாத இடத்தில் பெரியவர் ஒருவரிடம் பேசத் தெரியும். இதையெல்லாம் நாங்கள் 'அறிவு' என்று நினைத்துக்கொண்டோம். அது அறிவு அல்ல, முன்பயிற்சி. ஒருவருக்கு ஆயிரம் நாள் முன்பயிற்சி, இன்னொருவருக்கு ஒருநாள்கூட இல்லை. இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டுவிட்டு, தோற்ற குழந்தையின் காலைக் குறை சொன்னோம்.

அவள் ஏன் பால்வாடிக்குப் போகவில்லை?

பால்வாடி ஊருக்குள் இருந்தது. குடியிருப்பு ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்தது. நடுவில் மூன்று வயதுக் குழந்தையால் நடக்க முடியாத தூரம். விடியும் முன்னே வேலைக்குப் போகிற தாய், யார் கையில் பிடித்துக் கொடுத்து அனுப்புவார்? அனுப்பினாலும் அங்கே தட்டை யார் கழுவுவது, குழந்தையை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்ற கேள்விகள் வரும். சட்டத்தில் இல்லாத தீண்டாமை சமையல் அறையிலும் பாயிலும் இருக்கும். தாய்மாருக்கு இது தெரியும். கிடைக்கிற சோற்றைவிடக் குழந்தையின் மானம் பெரிது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'பெற்றோருக்கு ஆர்வம் இல்லை'.

சரி, குடியிருப்பிலேயே ஒரு மையம் வைக்கலாமே? இங்கேதான் எண்ணிக்கை வந்து குறுக்கே நிற்கிறது. அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. குறைத்துச் சொல்லக்கூடிய சாதனை அல்ல. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஒரு நல்ல உத்தரவு போட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்றது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்றும் சொன்னது.

ஆனால் எங்கள் பக்கத்து இருளர் குடியிருப்பில் எத்தனை வீடு இருக்கும்? பதினைந்து, இருபது, மிஞ்சினால் முப்பது. 40 குழந்தைக்கு எங்கே போவது? இருளர்கள் சிறுசிறு கூட்டமாக ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் ஊர்க்கோடியிலும் சிதறிக் கிடப்பது அவர்கள் விருப்பப்பட்டுத் தேர்ந்ததல்ல. நிலம் இல்லை. வேலை கொடுத்தவன் சொன்ன இடத்தில், துரத்தாத இடத்தில் குடிசை போட்டார்கள். அவர்களைச் சிதறடித்தது சாதியும் நிலமும். இப்போது சிதறிக் கிடக்கிறீர்கள், அதனால் மையம் கிடையாது என்கிறது கணக்கு.

இந்தக் கணக்கு ஒரு இடத்தில் மட்டும் இல்லை. ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகள் என்று ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. அவற்றை விரிவுபடுத்த 2018-ல் வைத்த அளவுகோல் என்ன? ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 50 விழுக்காட்டுக்கு மேல் பழங்குடியினர் இருக்க வேண்டும், குறைந்தது 20,000 பேர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையிலேயே பழங்குடியினர் 1.1 விழுக்காடு. சமவெளி இருளர் எந்த ஒன்றியத்தில் பாதிக்கு மேல் இருப்பார்? அது மட்டுமல்ல, அந்தப் பள்ளி ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஒன்றாம் வகுப்பு வாசலில் விழுந்த குழந்தை ஆறாம் வகுப்புக்கு எப்படி வந்து சேரும்?

2019-ல் தமிழ்நாடு அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கியது. நடுநிலைப்பள்ளி வளாகத்தில் இருந்த மையங்களில்தான் தொடங்கியது. வளாகத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு நல்லது. ஏரிக்கரைக்கு அதுவும் எட்டவில்லை.

இது வெறும் நிர்வாகக் குறை இல்லை, உரிமைப் பிரச்சினை. நம் அரசமைப்பின் 45-ஆவது கூறு முதலில் எப்படி இருந்தது? 14 வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி என்று இருந்தது. தொடக்க வயது என்று ஒன்றும் போடவில்லை. அந்த வயது வரம்பைக் குறைக்கச் சொல்லி அரசமைப்பு அவையில் பேசியபோது அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. 14 வயதுக்குள் குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றால், அந்த வயது வரை அது கல்விக்கூடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பிறகு 2002-ல் 86-ஆவது திருத்தம் வந்தது. 6 முதல் 14 வரை அடிப்படை உரிமை ஆனது. நல்லது. ஆனால் ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரசு 'முயல வேண்டும்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது, அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்று. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 2030-க்குள் எல்லோருக்கும் முன்பருவக் கல்வி என்கிறது. அதைச் சட்ட உரிமை ஆக்கவில்லை.

பணம் உள்ளவர் வீட்டுக் குழந்தைக்குச் சட்டம் தேவையில்லை. மூன்று வயதில் வேன் வந்து வாசலில் நிற்கும். சட்டம் யாருக்குத் தேவையோ, அவர்களின் வயதில்தான் சட்டம் இல்லை. அதன் விளைவைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடு. 1990-ல் போராடிப் பெற்ற தனி 1 விழுக்காடு இடஒதுக்கீடு நம் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார வேண்டிய குழந்தையை நான் ஒன்றாம் வகுப்பிலேயே வெளியே அனுப்பிவிட்டேன். இடஒதுக்கீட்டை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று இனி யாரைக் கேட்பது?

ஓய்வு பெற்ற பிறகு நானும் சில நண்பர்களும் கைக்காசு போட்டு வேறொரு இருளர் குடியிருப்பில் காலை நேர மையம் ஒன்றைத் தொடங்கினோம். வேப்பமரத்தடி, இரண்டு பாய், ஒரு தகரப் பெட்டி. நடத்துகிறவர்கள் அந்தக் குடியிருப்பின் இரண்டு பெண்கள். ஒருவர் எட்டாவது, இன்னொருவர் பத்தாவது வரை போனவர். முதல் மாதம் நான்தான் நடத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் பேசினால் குழந்தைகள் தாய்க்குப் பின்னால் ஒளிந்தார்கள். அந்தப் பெண்கள் பேசினால் மடியில் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் புரிந்தது. நான் பாயின் ஓரத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு நாள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் முகம் கழுவி, தலைசீவி, ஒவ்வொரு குழந்தையையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் கிடையாது. பிறகு பாட்டு. அவர்கள் வீட்டில் பாடுகிற பாட்டு. பிறகு கதை. நேற்று ஏரியில் நண்டு பிடித்தது கதை ஆகும். குழந்தை சொல்லும், அக்கா அதையே பலகையில் படமாகப் போடுவார். படத்தின் கீழே 'நண்டு' என்று எழுதுவார். தான் சொன்னது எழுத்தாகிறது என்று ஒரு குழந்தை முதன்முதலில் பார்க்கிற இடம் அது. பிறகு புளியங்கொட்டை. பிரிப்பது, அடுக்குவது, ஐந்து பேருக்குச் சமமாகப் பங்கிடுவது. பல்லாங்குழிக் கட்டையை வைத்துக்கொண்டு நான் முப்பது வருடம் கற்றுக்கொடுக்கத் திணறிய கூட்டலை அவர்கள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

படப் புத்தகங்கள் முதல் மூன்று மாதத்தில் கிழிந்தன. என் நண்பர் ஒருவர் பூட்டி வைக்கலாம் என்றார். பசை போட்டு ஒட்டி மறுபடி பாயில் வைத்தோம். இப்போது கிழிவதில்லை. இத்தனைக்கும் நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அரசு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டம் இருக்கிறது. அது ஏரிக்கரைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எங்களால் தர முடியாதவையும் உண்டு. சூடான மதிய உணவு, முட்டை, எடை பார்ப்பது, தடுப்பூசி. இவற்றை அரசுதான் தர முடியும். பசித்த குழந்தைக்குக் கதை ஏறாது. 1920-லேயே நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. அந்த மண்ணில் இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் மையம் அரசு மையத்துக்கு மாற்று அல்ல. இதைக் காட்டி அரசிடம் கேட்பதற்காகத்தான் நடத்துகிறோம்.

இன்னொரு எச்சரிக்கை. முற்போக்கான நண்பர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஏரி, காடு, பாம்பு, மூலிகை எல்லாம் தெரியுது, பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று உருகுவார்கள். நண்டு பிடிக்கத் தெரிவது அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் இருளர் குழந்தை இருளர் தொழிலோடு நிற்கலாம் என்பது அன்பாகச் சொல்லப்பட்டாலும் குலக்கல்விதான். 1953-ல் இராஜாஜி கொண்டுவந்தார், அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று. பெரியார் இயக்கம் எதிர்த்துப் போராடியது. 1954-ல் காமராசர் அதைக் கைவிட்டார். அதை வேறு சட்டை போட்டு உள்ளே விடக் கூடாது. குழந்தையின் வீட்டு அறிவிலிருந்து தொடங்க வேண்டும், அங்கேயே நிறுத்தக் கூடாது.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து இருளர் பேசுவது தமிழ்தான், ஆனால் புத்தகத் தமிழ் இல்லை. நீலகிரிக்குப் போனால் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குழந்தைகளுக்கு வீட்டு மொழியே வேறு. அந்தக் குழந்தைக்கு நம் தமிழ், நமக்கு இந்தி போலத்தான். இந்தித் திணிப்பை எதிர்த்த மாநிலம், தன் பழங்குடிக் குழந்தையின் மேல் எந்த மொழியைத் திணிக்கிறது என்று யோசிக்க வேண்டும். தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டு மொழியில் தொடங்கி, கைப்பிடித்துத் தமிழுக்குக் கூட்டிவர வேண்டும். ஆந்திரத்தில் 2004-ல் எட்டுப் பழங்குடி மொழிகளிலும், ஒடிசாவில் 2007-ல் பத்து மொழிகளிலும் தொடக்க வகுப்புகளைத் தொடங்கினார்கள்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதை இன்னும் சின்ன வயதிலேயே தொடங்கினார்கள். தங்கள் மொழி அழிந்துகொண்டிருக்கிறது என்று கண்டதும், 1982-ல் வெலிங்டன் பக்கத்தில் வைனுயோமாடா என்ற ஊரில் முதல் 'கோஹங்கா ரேயோ'வைத் திறந்தார்கள். 'மொழிக்கூடு' என்று பொருள். பாட்டிகளும் தாத்தாக்களும் உட்கார்ந்து குழந்தைகளோடு மாவோரி மொழியில் மட்டும் பேசினார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எண்ணூறு மையங்கள் ஆயின. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காக மாவோரி மொழிப் பள்ளிகள் வந்தன. 1987-ல் அது ஆட்சிமொழியும் ஆனது. நமக்கு அதில் பாடம் ஒன்று உண்டு. மையத்தை நடத்தியது அந்த மக்களே. வெளியிலிருந்து போன என்னைப் போன்ற டீச்சர் இல்லை.

கடைசியாகச் சூளை. பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் சூளைக்குப் போய்விடும். மழை வரும் வரை அங்கேதான். அந்த மாதங்களில் எங்கள் பாயில் பாதிக் குழந்தைகள் இருப்பதில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. முன்பணத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை. குழந்தை எங்கே போகிறதோ அங்கே மையம் போக வேண்டும். குடும்பத்தையே இடம் மாற்ற முடிகிற சூளை முதலாளிக்கு, ஒரு கொட்டகையும் குடிநீரும் தர முடியாதா? தர வைக்க வேண்டியது அரசு.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. 40 குழந்தை என்ற கணக்கைப் பழங்குடிக் குடியிருப்புக்குத் தளர்த்த வேண்டும். பத்துக் குழந்தை இருந்தாலும் மையம் வேண்டும். 2023-ல் தொடங்கிய ஜன்மன் திட்டத்தில் இருளர், பணியர் போன்றோரின் குடியிருப்புகளுக்கு அங்கன்வாடி என்று அறிவித்திருக்கிறார்கள், அது ஏரிக்கரை வரை வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும். பணியாளர் அந்தக் குடியிருப்பின் பெண்ணாக இருக்க வேண்டும். அதற்குக் கல்வித் தகுதி தடையாக இருந்தால் பயிற்சி கொடுத்துத் தகுதிப்படுத்த வேண்டும். சூளையில் மையம் வேண்டும். மூன்று வயது முதல் கல்வி சட்ட உரிமை ஆக வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராக உங்கள் ஊர்க்கோடிக் குடியிருப்புக்குப் போங்கள். ஆறு வயதுக்குள் எத்தனை குழந்தைகள், பக்கத்து அங்கன்வாடி எவ்வளவு தூரம், அதில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் உண்மையில் போகிறார்கள், எழுதிக்கொள்ளுங்கள். அந்த மக்களோடு போய்த் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் மையத்துப் பிள்ளைகளை ஏப்ரல் மாதத்திலேயே தாய்மாரோடு பள்ளிக்குக் கூட்டிப் போவோம். வகுப்பைக் காட்டுவோம், குழாயைக் காட்டுவோம், கழிப்பறையைக் காட்டுவோம், டீச்சரிடம் பெயர் சொல்ல வைப்போம். கடந்த ஜூனில் நான்கு பேர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த டீச்சர் என்னைச் சந்தையில் பார்த்துப் புகார் சொன்னார். "உங்க புள்ளைங்க ஓயாமப் பேசுதுங்கம்மா. அதுல ஒண்ணு, நான் போர்டுல எழுதிட்டு இருக்கேன், எழுந்து நின்னு, 'டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்'னு சத்தமாக் கேக்குது!"

"போகச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"பின்னே?" என்றார்.